ஏழு பாட்டில்

கிட்போக் கோங்தா ஒரு நாளைக்குக் குறைந்தது நாற்பது பேரிடம் திட்டு வாங்குவான். ஷில்லாங் மின்சார அலுவலகத்தின் புகார் அறையில் ஃபோன் எடுப்பதுதான் அவன் வேலை. மழை ஊர். மரம் விழும், கம்பி அறும், ஊரில் பாதி இருண்டுபோகும். உடனே ஃபோன் அலறும்.

"ஆளு கிளம்பிட்டாங்க, கோங். இன்னும் அரை மணி நேரம்," என்பான் பெண்களிடம். ஆண்களாக இருந்தால் 'கோங்' என்ற இடத்தில் 'பாஹ்' வரும். அந்த அரை மணி நேரம் இரண்டு மணி நேரம் ஆகும் என்பது கேட்கிறவர்களுக்கும் தெரியும்.

முன்பெல்லாம் கிளம்பிப் போகிற அந்த ஆள் அவனாகவே இருந்தான். பதினைந்து வருடம் கம்பம் ஏறியவன். மாலையில் கருவிப் பையை வைத்துவிட்டு பேஸ் கிட்டாரை எடுப்பான். 'வெட் மேட்ச்ஸ்' என்று அவர்கள் குழுவுக்குப் பெயர். கல்லூரிக் காலத்தில் ஒரு ஜூலை மாதம், முதல் ஒத்திகையன்று டீ போட அடுப்பு மூட்டினார்கள். ஒன்பது நனைந்த தீக்குச்சி உரசியும் ஒன்றும் பற்றவில்லை. அப்போது வைத்த பெயர்.

குழுவில் மூன்றே பேர். பாடுவதும் கிட்டார் வாசிப்பதும் சண்டே வாலாங். ஞாயிற்றுக்கிழமை பிறந்ததால் அந்தப் பெயர். பகலில் டாக்சி ஓட்டுவான். டிரம்ஸ் வாசிப்பவள் ரிடாஃபி, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. வகுப்பில் அடக்கிவைத்த கோபத்தையெல்லாம் இங்கே கொண்டுவந்து கொட்டுகிறாள் என்று சண்டே சொல்வான்.

அவர்கள் வாசித்ததெல்லாம் பிறத்தியார் பாட்டு. கடல் தாண்டிய ஊர்களில் யாரோ எழுதி யாரோ பாடிப் புகழ்பெற்ற ராக் பாட்டுகள். கல்யாணம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு பிக்னிக் எல்லாவற்றுக்கும் கூப்பிடுவார்கள். ஜனங்கள் ஆடினார்கள். ஆனால் சொந்தமாகப் பாட்டுக் கட்டுகிற குழுக்கள் இவர்களை மதிக்கவில்லை. பான்டெய் மாவ்தோ என்றொருவன் ஊர்ப் பேச்சான காசி மொழியிலேயே பாட்டெழுதி, 'ஹில் ஃபீவர்' என்று குழு வைத்திருந்தான். அவன் ஒருநாள் நாலு பேர் முன்னால் சொன்னான்:

"இவனுங்க டீக்கடை ரேடியோடா. ஸ்டேஷனை மாத்திக்கிட்டே இருப்பானுங்க. சொந்தமா ஒரு வார்த்தை வராது."

கிட்போக்குக்கு அது சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பான்.

அப்புறம் வந்தது அந்த ஜூலை சனிக்கிழமை. மூன்று மணிக்கு ஒரு பள்ளிக்கூட அரங்கில் குழுக்களுக்கிடையே போட்டி. ஊரில் இருந்த ராக் குழுக்கள் எல்லாம் வந்திருந்தன. கிட்போக்கின் கிட்டாரைச் சண்டே முன்கூட்டியே கொண்டுபோய் மேடைச் சுவரில் சாத்தி வைத்திருந்தான். ஒன்றரை மணிக்கு மாவ்லாயில் கம்பி அறுந்திருக்கிறது என்று தகவல். போகிற வழிதானே, முடித்துவிட்டுப் போகலாம் என்று கிட்போக் கம்பம் ஏறினான். லைனை நிறுத்திவிட்டுத்தான் ஏறினான். ஆனால் அக்கம்பக்கத்தில் ஏதோ ஒரு வீட்டில் ஜெனரேட்டரைத் தாறுமாறாக இணைத்திருந்தார்கள். நிறுத்திய கம்பியில் அங்கிருந்து மின்சாரம் திரும்பி வந்தது. இடது கையைப் பிடித்தது, உதறித் தள்ளியது. கீழே கல் படிக்கட்டு. தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, உள்ளே ரத்தம் கொட்டத் தொடங்கியது.

அரங்கில் வெட் மேட்ச்ஸின் முறை வந்தபோது சண்டேயின் ஃபோன் அடித்தது. கேட்டுவிட்டு அவன் மைக்கைப் பிடித்தான்.

"எங்க கிட்போக் கம்பத்துல இருந்து விழுந்துட்டான். ஓ பாசிட்டிவ் ரத்தம் வேணும்னு சொல்றாங்க. இன்னிக்கு எங்களால வாசிக்க முடியாது. மன்னிச்சிருங்க."

அடுத்த முறை ஹில் ஃபீவருடையது. பான்டெய் கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து நடந்தான். அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். நீள முடியும் தோல் ஜாக்கெட்டுமாக முப்பது பேருக்கு மேல் ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் போய் இறங்கினார்கள். நர்ஸ் ஒரு நிமிடம் திகைத்து நின்றாள்.

"வரிசையா வாங்க. ஒவ்வொருத்தரா ஊதுங்க."

"ஊதச் சொல்றீங்களே, கோங். நாங்க என்ன போலீஸ்லயா மாட்டிக்கிட்டோம்?"

"ம்ம்... இந்த ரத்தத்தை ஏத்தினா அந்த மனுஷன் முறிஞ்ச காலோட வார்டு முழுக்க டான்ஸ் ஆடுவார். நீ வெளியே போ. அடுத்தது?"

குடித்தவர்கள் போனார்கள். எடை குறைந்தவர்கள் போனார்கள். வகை பொருந்தாதவர்கள் போனார்கள். சண்டேக்கு அந்த வசந்தத்தில்தான் மஞ்சள் காமாலை வந்து போயிருந்தது, ரிடாஃபி கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், இருவரையும் சேர்த்துக்கொள்ளவில்லை. கடைசியில் நின்றது ஏழு பேர். ஏழு பாட்டில் ரத்தம்.

கிட்போக் பிழைத்தான். காலுக்குள் கம்பி வைத்தார்கள். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் போயின.

பேஸ் கிட்டார் வாசிப்பவனுக்கு இடது கைதான் பேச்சு. கட்டை அவிழ்த்த அன்று கையைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், ஏறக்குறைய இரண்டு வருடம் அப்படியே கிடந்தான் என்று சொல்லலாம். அலுவலகத்தில் புகார் அறையைக் கொடுத்தார்கள். போனான், வந்தான், சாப்பிட்டான், படுத்தான். மனைவி டாஃபிஷா ஜாடோ கடை நடத்தினாள். பன்றி ரத்தம் சேர்த்து அவள் ஆக்குகிற அந்தச் சோற்றுக்கு ஜயாவ் மேட்டில் நல்ல பெயர். குடும்பம் அதில் ஓடியது. கிட்டார் கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து ரிடாஃபி நேராக வீட்டுக்கு வந்தாள். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"மொத்தம் எத்தனை விரல் மிச்சம்?"

"தெரியாத மாதிரி கேக்குறே."

"கட்டைவிரலோட மூணு. என் கிளாஸ்ல ஒரு பொண்ணு ஏபிசிடில இருபது எழுத்தை வெச்சே லீவ் லெட்டர் எழுதுறா. மிச்ச ஆறு இன்னும் அவளுக்கு வரல. எடு அந்தக் கிட்டாரை."

"வராது, ரிடா."

"வராதுன்னா வராத மாதிரி வாசி. கேக்க நான் இருக்கேன்."

எடுத்தான். நாலு சுரம் வர வேண்டிய இடத்தில் ஒரு சுரம்தான் வந்தது. அந்த ஒன்றைச் சரியான நேரத்தில் வைக்கப் பழகினான். வாரத்தில் மூன்று நாள் ரிடாஃபி வந்து, நாற்காலி முதுகில் குச்சியால் தாளம் தட்டினாள். சண்டே டாக்சியை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்து மெதுவாகப் பாடுவான். வெளியே சவாரிக்காரர்கள் ஹாரன் அடிப்பார்கள். ஒன்றரை வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் மூன்று பேரும் மறுபடி மேடை ஏறினார்கள். ஏதோ மாறியிருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. கிட்போக்குக்கு அதைவிடப் பெரிய பாராட்டு வேண்டியிருக்கவில்லை.

விபத்து நடந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரு ஞாயிறு சர்ச்சில் எல்லாரும் தலைகுனிந்து மௌனமாக ஜெபம் செய்கிற நேரம். பக்கத்தில் டாஃபிஷாவின் உதடு அசைந்தது. ஏதோ பெயர்கள். அதில் ஒன்று அவன் காதில் விழுந்தது. வீடு திரும்பும்போது படிக்கட்டு இறங்கிக்கொண்டே கேட்டான்.

"ஜெபத்துல பான்டெய்னு யார் பேரைச் சொன்னே?"

"பான்டெய் மாவ்தோ. ஆறு வருஷமா சொல்றேன். இன்னிக்குத்தான் காது தொறந்துச்சா?"

"அவனுக்கு எதுக்கு நீ ஜெபம் பண்ணணும்?"

"அவன் ரத்தம் உன் உடம்புல ஓடுது. அதுக்கு."

கிட்போக் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு இறங்கினார்கள். குழுக்காரர்கள் சிலர் ரத்தம் கொடுத்தார்கள் என்று மேலோட்டமாகத் தெரியும். யார் யார் என்று அவன் கேட்டதே இல்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மூணு தடவை சொல்ல வந்தேன். மூணு தடவையும் செவுத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டே. நாலாவது தடவை எனக்கு ரோஷம் வந்துடுச்சு. கடவுள்கிட்ட சொன்னா அவராவது திரும்பிப் படுக்க மாட்டார்னு அங்க சொன்னேன்."

பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். அன்று ரத்த வங்கி வாசலில் அவளே ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்டு எழுதியது. ஏழு பெயர். ஏழும் ஊரில் சொந்தப் பாட்டு வைத்திருந்த ஏழு குழுக்காரர்கள். அன்று மேடையில் இவர்களைத் தோற்கடிக்க வந்தவர்கள். கிட்போக் அந்தத் தாளைப் படித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"எல்லாரையும் கூப்பிட்டுப் பன்னி அடிச்சு விருந்து வெச்சுடலாம்," என்றான் அன்று மாலை ரிடாஃபியோடு வீட்டுக்கு வந்த சண்டே.

"சாயங்காலத்துக்குள்ள செரிச்சுடும். வேற சொல்லு," என்றாள் ரிடாஃபி.

"சட்டை எடுத்துக் குடுக்கலாமா?"

கிட்போக்குக்கு எதுவும் பொருந்தவில்லை. மறுநாள் புகார் அறையில் யாரோ ஒரு அம்மாள் பிரிட்ஜுக்குள் கெட்டுப்போகிற இறைச்சியைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தபோது அவனுக்கு அது தோன்றியது. மாலையில் இருவரிடமும் சொன்னான்.

"அவங்க பாட்டை நாம பாடலாம். ஆளுக்கு ஒண்ணு. ஏழு பாட்டு. ஒழுங்கா ரெக்கார்டு பண்ணி ஒரே ஆல்பமாப் போடலாம்."

சண்டே சிரித்தான். "ஏற்கெனவே கவர் பாடுற கும்பல்னு ஊரே கிண்டல் பண்ணுது. முதல் ஆல்பமும் கவர்தானா?"

"நமக்குத் தெரிஞ்சது அதுதானேடா. இருபத்தஞ்சு வருஷமா மூஞ்சி தெரியாதவன் பாட்டை உயிரைக் குடுத்துப் பாடினோம். உயிர் குடுத்தவங்க பாட்டை ஒரு தடவை பாடக் கூடாதா?"

ரிடாஃபி மட்டும் "எப்போ?" என்று கேட்டாள்.

பான்டெய் இப்போது செல்ஃபோன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். முடி கொட்டிவிட்டது. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலை நிமிராமல் கேட்டான்.

"என் பாட்டா? நீங்களா? எதுக்கு?"

"ரத்தம் குடுத்தியே."

பான்டெய் கண்ணாடியைக் கழற்றினான்.

"அட போடா. அந்த வருஷம் பூரா காலைச் சாப்பாடு எனக்கு உன் பொண்டாட்டி கடை ஜாடோதான். அதுல ஊறின ரத்தம். வந்த வீட்டுக்கே திரும்பிப் போச்சு, அவ்வளவுதான்." கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஊசி குத்தினதும் மயங்கி விழுந்துட்டேன் அன்னிக்கு. அதை வெளியே சொல்லாதே," என்றான்.

"டீக்கடை ரேடியோ சொல்லாது."

பான்டெய்க்கு முகம் சிவந்தது. "அதை இன்னும் ஞாபகம் வெச்சிருக்கியா? வாயில வந்தது, சொல்லிட்டேன். இங்க பாரு, என்கிட்ட ரெக்கார்டு பண்ற மிஷின் எல்லாம் இருக்கு. வேற எங்கயும் போகாதே. நானே பண்ணித் தர்றேன்."

மற்றவர்களும் அப்படித்தான். ஒருவன் வெட்கப்பட்டான், ஒருவன் இரண்டு பாட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னான், ஒருவன் வரிகளையே மறந்துபோயிருந்தான்; அவன் மனைவி சொல்லிக்கொடுத்தாள். ஆறு பாட்டு சேர்ந்தது.

ஏழாவது ஆள் கிர்மென். சோஹ்ரா போகிற பஸ்ஸில் நடத்துநராக இருந்து, ஓய்ந்த நேரத்தில் பாட்டெழுதியவன். நாலு வருடத்துக்கு முன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்திருந்தான். குழு கலைந்துவிட்டது. பரா பஜாரில் உருளைக்கிழங்கு விற்கும் அவன் அக்கா கோங் தெய்லினைத் தேடிப் போனார்கள். கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவள் விஷயத்தைக் கேட்டதும் கடையைப் பக்கத்துக் கடைக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு அழைத்துப் போனாள்.

"ஒரே ஒரு கேசட் இருக்கு. ஆனா..." என்று இழுத்தாள்.

போட்டுக் கேட்டார்கள். கிட்டாரும் கிர்மெனின் கரகரத்த குரலும். நடத்துநர் ஊர் ஊராகக் கூவிக்கொண்டே போகிற பாட்டு. மில்லியம் இறங்குறவங்க இறங்குங்க, உம்டிங்கார் வந்தாச்சு, குழந்தையை எழுப்புங்க... மாவ்க்டோக் பாலத்துக்குப் பஸ் வந்து சேர்ந்தபோது 'கடக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம், "ஆகையால் பிரியமான சகோதரரே" என்று கனத்த குரலில் ஒரு பிரசங்கம்.

ரிடாஃபிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். தெய்லினும் சிரித்தாள்; சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ரேடியோவுல பாஸ்டர் நல்லா பேசினார். கைக்குக் கிடைச்ச கேசட்டைப் போட்டு ரெக்கார்டு பண்ணிட்டேன். அவன் அப்போ உசுரோட இருந்தான். 'போனாப் போகுது அக்கா, மறுபடி பாடிக்கலாம்'னான். பாடறதுக்குள்ள போயிட்டான். அவன் பாட்டை நானே அழிச்சுட்டேன், தம்பி."

கேசட்டை நிறுத்திவிட்டு கிட்போக் கேட்டான்.

"மிச்ச வரி உங்களுக்கு ஞாபகம் இருக்கா, கோங்?"

"அடுப்புகிட்ட உக்காந்துதானே எழுதினான். எழுத்துக்கு எழுத்துத் தெரியும். ஆனா எனக்குப் பாட வராது. சர்ச்சுல கூட வாயை மட்டுந்தான் அசைப்பேன்."

"பாட வேண்டாம். சொன்னாப் போதும்."

ஜனவரியில் பதிவு தொடங்கியது. மழைக்காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே எதையும் பதிவு செய்ய முடியாது. சண்டேயின் அத்தை வீட்டு அறையில், சத்தம் உள்ளே வராதபடி மெத்தையும் கனத்த ரஜாய்ப் போர்வையும் சுவரெல்லாம் தொங்கின. மழை ஓய்ந்தால் பன்றி. பக்கத்து வீட்டுப் பன்றி சரியாகச் சண்டே உச்சத்துக்குப் போகும்போது கத்தும். மின்சாரம் போகாமல் மட்டும் கிட்போக்கின் பழைய கூட்டாளிகள் பார்த்துக்கொண்டார்கள். "ரெண்டுல இருந்து அஞ்சு வரைக்கும் உங்க லைன்ல யாரும் கை வைக்க மாட்டோம், பாஹ் கிட். பாடுங்க," என்று அவர்களே ஃபோன் செய்து சொன்னார்கள். திட்டை மட்டுமே கேட்டுப் பழகிய காதுக்கு அது இதமாக இருந்தது.

சிக்கல் பான்டெயின் பாட்டில் வந்தது. வேகமான, கோபமான பாட்டு. பேஸ் கிட்டார் நாலு விரலும் பறக்க ஓட வேண்டும். கிட்போக் முயன்றான். பத்துத் தடவை, இருபது தடவை. இல்லாத விரல் இருக்கிற மாதிரியே கை தாவும், சுரம் இருக்காது. வியர்த்துவிட்டது.

"இதை மட்டும் வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க," என்று கிட்டாரைக் கழற்றப் போனான்.

மிஷின் முன்னால் இருந்த பான்டெய் எழுந்து வந்தான். "உன் கை எந்த வேகத்துல போகுதோ அந்த வேகத்துல வை. பாட்டுக்கு என்ன பஸ்ஸா போயிடும்?"

"உன் பாட்டு கெட்டுடும்டா."

"என் பாட்டுதானே, கெடட்டும். எண்ணு, ரிடா."

ரிடாஃபி மெதுவாக எண்ணினாள். கிட்போக் மூன்று விரலால் ஒவ்வொரு சுரத்தையும் நிறுத்தி வைத்தான். சண்டே கத்த வேண்டிய வரிகளை அந்த நடையில் கத்த முடியவில்லை, சொன்னான். பிரிந்துபோன அப்பாவைப் பார்த்து ஒரு மகன் சண்டைக்கு நிற்கிற பாட்டு அது. மெதுவாகப் பாடியபோது, வீட்டுக்கு வா என்று கூப்பிடுகிற மாதிரி கேட்டது. முடிந்த பிறகும் பான்டெய் பொத்தானை அமுக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"எழுதினப்போ இப்படித்தான் இருந்துச்சு," என்றான் கடைசியில். "கை தட்டு வாங்கணும்னு வேகமாக்கினேன். இருபது வருஷமா நானே மறந்துட்டேன்."

கோங் தெய்லின் கடைசி நாள் வந்தாள். கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி நல்ல ஜைன்செம் உடுத்தி, தலை வாரி வந்திருந்தாள். மாவ்க்டோக் பாலம் வரை சண்டே பாடினான். அங்கே பாட்டு நிற்க, கிட்போக்கின் பேஸ் மட்டும் கீழே நடந்துகொண்டிருந்தது. தெய்லின் கண்ணை மூடிக்கொண்டு, சந்தையில் விலை சொல்கிற அதே குரலில் சொன்னாள்:

"லைட்ரிங்க்யூ வந்தாச்சு, மூட்டைக்காரங்க பின்பக்கம் வாங்க. மேகம் மூடியிருக்கு, பாத்து இறங்குங்க. சோஹ்ராவுக்கு டிக்கெட் எடுத்தவங்க தூங்குங்க, நான் எழுப்புறேன்."

கண்ணைத் திறந்து எல்லார் முகத்தையும் பார்த்தாள். "சரியாச் சொன்னேனா? ஏதாவது ஸ்டாப்பை விட்டுட்டேனா?"

"ஒண்ணும் விடல, கோங்," என்றான் கிட்போக்.

ஆல்பத்துக்கு 'ஏழு பாட்டில்' என்று பெயர் வைத்தார்கள். வெளியீட்டுக்குச் சர்ச் அரங்கைக் கேட்கப் போனபோது பாஸ்டர் முகத்தைச் சுளித்தார். "இந்தக் கட்டடத்துக்குள்ள பாட்டில் பேர்ல நிகழ்ச்சியா?"

"இது உள்ள போனதாலதான் பாஸ்டர் இவர் இன்னும் உங்க சர்ச்சுக்கு வர்றார்," என்றாள் டாஃபிஷா. விவரம் கேட்டபின் பாஸ்டரே நாற்காலி போட வந்தார்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை மதியம் அரங்கு நிறைந்துவிட்டது. ஆறு பேரும் கோங் தெய்லினும் முன்வரிசையில் இருந்தார்கள். கிட்போக் நன்றி சொல்ல ஒரு பக்கம் எழுதி வந்திருந்தான். மைக் முன்னால் நின்று தாளை விரித்தான். முதல் பெயரைப் படித்தான், இரண்டாவதைப் படித்தான். ஏழாவது பெயரைப் படித்ததும் கோங் தெய்லின் பக்கம் பார்த்தான். தாளை மடித்தான்.

"குப்லெய்," என்றான். அந்த ஊரில் நன்றிக்கு இருக்கிற ஒரே சொல்.

"சத்தம் பத்தல!" என்று பான்டெய் கீழேயிருந்து கத்தினான். அரங்கு சிரித்தது. ரிடாஃபி குச்சியைத் தட்டி எண்ணத் தொடங்கிவிட்டாள்.

பரிசு ஒன்றும் வரவில்லை. முன்னூறு சிடி போட்டதில் பாதியைச் சண்டே டாக்சியில் வைத்தே கொடுத்துத் தீர்த்தான். கேட்டவர்களுக்கு அந்த மெதுவான பாட்டும் பஸ் பாட்டும்தான் பிடித்தன.

அன்று நிகழ்ச்சி முடிந்து அரங்கின் பின்பக்கம் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். டாஃபிஷா பெரிய அண்டாவில் ஜாடோ ஆக்கி வந்திருந்தாள். கிட்போக் கரண்டியைத் தானே வாங்கிக்கொண்டு, விந்தி விந்தி வரிசையில் போய்ப் பரிமாறினான். பான்டெய் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மூன்றாவது முறையும் தட்டை நீட்டினான்.

"டேய், இது எத்தனாவது?"

"போடுடா. மறுபடி உனக்கு வேண்டியிருந்தா யார்கிட்ட வருவே?"

கிட்போக் சிரித்தபடி இன்னொரு கரண்டி அள்ளி வைத்தான். அடுத்தது கோங் தெய்லினின் தட்டு.